விடியற்காலை வயிற்றுவலி

ராத்திரி நன்றாகச் சாப்பிட்டு, தரையில் பாய் விரித்துத் தூங்கிய குழந்தை, விடியற்காலை 4 மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. வாந்தியும் எடுக்கிறது. ‘சாப்பிட்டது ஒத்துக்கொள்ளலை’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் இன்னொரு காரணத்தையும் மறக்கக்கூடாது: கட்டுவிரியன் கடி.

பாம்புக்கும் வயிற்றுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. எலி, பல்லியைத் தேடி வீட்டுக்குள் வந்துவிடும். தூக்கத்தில் புரளும்போது கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். அதன் விஷம் நரம்பைத் தாக்கும். வயிற்றுவலி முதல் அறிகுறியாக வருவதுண்டு. பிறகு இமைகள் தாமாகச் சரியும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சுத் தசைகளே செயலிழக்கும். ‘தூக்கக் கலக்கம்’ என்று நினைத்துக் குழந்தையை மறுபடி படுக்கவைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இமை சரிந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ‘தரையில் படுத்திருந்தான்’ என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடித்த இடம் தெரியாதபோது அந்த ஒரு வரிதான் துப்பு. விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவர் அளவேதான்; விஷத்தின் அளவு உடல் எடையைப் பார்த்துக் குறைவதில்லையே! மூச்சு நின்றாலும் வென்டிலேட்டரில் சில நாள் வைத்துக் காப்பாற்றிவிட முடியும். இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, மந்திரிப்பது எல்லாம் நேர விரயம்.

கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கொசுவோடு பாம்பையும் அது தடுக்கும்.

கைக்குழந்தைகளின் கதை வேறு. 2 வயதுக்குள், காலை மடக்கி வீறிட்டு அழுது, சற்று ஓய்ந்து, மறுபடி அழுதால் குடல் செருகலாக இருக்கலாம். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது இது. சிவப்பு ஜெல்லி போல மலம் போகும் வரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போனால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே, ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்திச் சரிசெய்துவிடுவார்கள்.