நானே கட்டிக்கொள்கிறேன், விடு

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டேன். பதினேழு வருஷம் எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து ஃபைல் பார்த்தவர் எதிரே வந்து கையைப் பிடித்தார். முகம் தெரிகிறது. அவர் கையெழுத்து எப்படிச் சாய்ந்திருக்கும் என்று தெரிகிறது. டீயில் சர்க்கரை போடமாட்டார் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் வரவில்லை. "வாங்க சார், வாங்க சார்" என்று சமாளித்தேன். பக்கத்தில் நின்ற மருமகள் கவனித்துவிட்டாள்.

அடுத்த வாரம் மகன் என் பாஸ்புக்கை வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டான். கரண்ட் பில், வீட்டு வரி எல்லாவற்றையும் இனிமேல் போனிலேயே கட்டிவிடுவானாம். "நீங்க எதுக்குப்பா வெயில்ல அலையணும்? நிம்மதியா உக்காருங்க." அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து வயதையும் மூளையையும் பற்றித் தேடிப் படிக்கிறேன். பேத்தி எடுத்துக் கொடுக்கிறாள். நான் படித்தது பிரெஞ்சு மீடியம், இங்கிலீஷ் ஆபீசில் வந்து ஒட்டிக்கொண்ட பாஷை, ஆகையால் மெதுவாகத்தான் படிக்கிறேன்.

புத்தியை அளக்கும் பரீட்சையை முதலில் உருப்படியாகச் செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், அல்ஃப்ரெட் பினே. 1905இல் பாரீஸ் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கச் செய்தது அது. பிள்ளைகளுக்காகச் செய்த தராசு! பின்னால் வந்தவர்கள் அதே மாதிரிப் பரீட்சைகளைப் பெரியவர்களுக்கும் வைத்தார்கள். இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே நேரத்தில் சோதித்து, வயதானால் புத்தி சரிகிறது என்று எழுதிவிட்டார்கள். எழுபது வயதுக்காரர் பள்ளிக்கூடம் போனதே குறைவு என்பதை யார் நினைத்தார்கள்? என் அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. என் பேத்தி நாலு வயதிலேயே கம்ப்யூட்டரைத் தொட்டவள். இரண்டு பேர் மார்க்கையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது வயதா, காலமா?

அமெரிக்காவில் ஷை என்ற ஆராய்ச்சியாளர் 1956இல் சியாட்டில் நகரத்தில் வேறு வழியில் தொடங்கினார். அதே ஆட்களை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதித்தார். அறுபது வயதுக்கு முன்னால் பெரும்பாலானவர்களிடம் தெளிவான இறக்கமே இல்லை. எண்பதைத் தாண்டியவர்களில்கூட எல்லாத் திறமையும் ஒருசேரக் குறைந்தவர்கள் அபூர்வம். ஒன்று குறையும், ஒன்று நிற்கும். ஆளுக்கு ஆள் மாறும்.

எது குறைகிறது என்றால், வேகம். புதுசாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் வேகம், வேண்டிய பெயரை வேண்டிய நேரத்தில் வெளியே எடுக்கும் வேகம். சேர்த்துவைத்த அறிவும் சொல்வளமும் எழுபதுகளிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது சின்னப் பையன்கள் மூன்று நாளில் கற்றுக்கொண்டதற்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆனால் ஒரு பென்ஷன் ஃபைல் சிக்கினால், எந்த வருஷத்து ஆர்டர் அதற்குப் பொருந்தும் என்று கேட்க என் மேஜைக்குத்தான் வருவார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. லாங்கர், ரோடன் என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்தி 1976இல் வெளியிட்ட சோதனை. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு, செடி வேண்டுமானால் நீங்களே தேர்ந்தெடுத்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், சினிமாவுக்கு எந்த நாள் வருவது என்றும் நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கையில் கொடுத்து, தண்ணீர் நர்ஸ் ஊற்றுவார், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பானார்கள். கவனித்துக்கொள்ளப்பட்ட மாடியில் பெரும்பாலானவர்கள் இன்னும் தளர்ந்துபோனார்கள். ஒன்றரை வருஷம் கழித்து முதல் மாடியில் சாவும் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். ஆட்கள் தொண்ணூறு சொச்சம்தான், ஆகையால் அந்தச் சாவுக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரக் கணக்கே எனக்குப் போதும்.

ஏனென்றால் அந்த நர்ஸ் வேலையை நானே செய்திருக்கிறேன்.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா. சைகோனிலிருந்து வந்தபின் பிரெஞ்சு பென்ஷன். தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போவார், மீன்காரியோடு அரைமணி பேரம் பேசுவார், வீட்டுக்கு வந்து ஒரு நீள நோட்டில் பிரெஞ்சில் கணக்கு எழுதுவார். எழுபத்து மூன்று வயதில் ஒருநாள் மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டார். அன்றோடு நான் மார்க்கெட்டை நிறுத்தினேன். பிறகு பேங்க் வேலை. பிறகு அந்த நோட்டும் என் கைக்கு வந்தது. "நிம்மதியா உக்காருங்கப்பா" என்று நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒருமுறை காட்டும் சான்றுக்கு மட்டும் அவர் நேரில் வந்தாக வேண்டும். அன்றைக்குத்தான் சட்டைக்கு இஸ்திரி கேட்பார். மற்ற நாளெல்லாம் திண்ணையில் நாற்காலி. ஆறு மாதத்தில் பேப்பர் கேட்பதையும் விட்டார். வயதாகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இரண்டு வருஷத்தில் போய்விட்டார். என்னால்தான் என்று சொல்லவில்லை. நோட்டைப் பிடுங்கியிருக்க வேண்டாம்.

பிள்ளைகள் பயப்படுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. பெயர் வராமல் பிறகு வருவது வேறு. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, தெரிந்த தெருவிலேயே வழி தவறுவது, பணம் எண்ணத் தெரியாமல் போவது வேறு. அதை வயசு என்று விட்டுவிடக்கூடாது, டாக்டரிடம் போகவேண்டும். அங்கே சாவியை வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கல்யாணத்தில் ஒரு பெயர் மறந்ததற்கு பாஸ்புக்கா?

பியானோ வாசித்த ருபின்ஸ்டைன் எண்பது வயதிலும் எப்படி மேடை ஏறினார் என்பதை ஜெர்மன் ஆராய்ச்சியாளர் பால்டஸ் உதாரணமாகக் காட்டுவார். குறைந்த உருப்படிகளை எடுத்துக்கொண்டார், அவற்றை அதிகமாகப் பழகினார், வேகமான இடம் வரும் முன் கொஞ்சம் மெதுவாக வாசித்தார், அதனால் அடுத்தது வேகமாகக் கேட்டது. நல்ல தந்திரம். நானும் இரவில் ஸ்கூட்டர் எடுப்பதை நானாகவே விட்டுவிட்டேன். எதை விடுவது என்பதை நான் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

மகனிடம் பேசினேன். அப்பாவின் நோட்டைப் பற்றியும் சொன்னேன், அவனுக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். வரி அவன் போனில் இருக்கட்டும், கரண்ட் பில்லும் ஞாயிற்றுக்கிழமை மீனும் எனக்கு என்று முடிவாயிற்று. பாஸ்புக் திரும்பி வந்தது.

நேற்றுப் போய் வரிசையில் நின்று பில் கட்டிவிட்டு வந்தேன். ரசீதை எங்கே வைத்தேன் என்று காலையிலிருந்து தேடுகிறேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.