ஆபீசில் வேலை நடக்கிறது

“கவர்மெண்டு ஆபீஸ்ல எவன் வேலை செய்யறான்?” என்று அலுத்துக்கொள்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம். ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கையில் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்திருக்கிற வங்கிக் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கையிலும் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. வேலை நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதுகிறார். சர்வேயர் அளக்கிறார். வருவாய் ஆய்வாளர் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று கையெழுத்துப் போடுகிறார். தாசில்தார் முத்திரை வைக்கிறார். சார்பதிவாளர் பத்திரம் பதிகிறார். வருஷா வருஷம் ஜமாபந்தி நடத்திப் பசலிக் கணக்கை முடிக்கிறார்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக விடாமல் நடந்த இந்த வேலையில்தான் நம்முடைய நிலம் போனது. அருவாள் தூக்கி வந்தவன் பிடுங்கியது கொஞ்சம். பேனா பிடித்தவன் எழுதிக்கொடுத்தது மிச்சம்.

சாதியை நாம் இரட்டைக் குவளையில், தேர் வடத்தில், சுடுகாட்டுப் பாதையில் பார்க்கக் கற்றிருக்கிறோம். ஒரு ரிஜிஸ்தரில் ‘குறிப்பு’ என்ற கலம் காலியாகக் கிடக்கிறதே, அதில் சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க இன்னும் கற்கவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

* * *

1891இல் செங்கல்பட்டு ஜில்லாவின் பொறுப்புக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். இன்று கார் கம்பெனிகள் நிற்கிற ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அன்று அந்த ஜில்லாதான். அந்த அறிக்கையில் வெள்ளைக்காரனின் கருணையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவர் எதைக் கண்டுபிடித்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். தரிசு நிலத்துக்கு நம்மாள் தர்க்காஸ்து மனு போட்டால், அந்த நிலத்தின் மேல் ஊர் மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு என்பது விதி. அவர் ‘எனக்கு வேணும்’ என்று சொன்னால் போதும், மனு தள்ளுபடி. குடியிருக்கிற மனைக்கட்டும் மிராசுதாருடையது என்பதால், மனு போட்டவனைக் குடிசையோடு கிளப்பிவிடவும் முடியும். அடிக்கவே வேண்டியதில்லை. விதி போதும். சர்க்காரின் அன்றாட வேலையே சேரியை நிலமில்லாமல் வைத்திருந்தது என்பதை ஒரு சர்க்கார் அதிகாரியே எழுதி வைத்தார்.

அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் வந்தது வருவாய்த்துறை ஆணை எண் 1010. அந்த வழியில் நமக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே விற்க வேண்டும். மீறினால் சர்க்கார் நஷ்டஈடு தராமல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் அதோடு சேர்ந்த நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்க மேடைகளில் சொல்லி வருகிற கணக்கு. கணக்கு கூடவோ குறையவோ இருக்கட்டும். நிபந்தனை இன்றைக்கும் செத்துப்போகவில்லை. அதை ரத்து செய்து எந்தச் சட்டசபையும் தீர்மானம் போடவில்லை. அப்படியிருந்தும் நிலம் நம்மிடம் இல்லை. எப்படி?

இன்னொரு வருஷத்தையும் நினைவில் வையுங்கள்: 1924. பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம் இவற்றோடு பொது அலுவலகங்களுக்குள்ளும் எந்தச் சாதியாரும் போக ஆட்சேபம் இல்லை என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1925இல் அது அரசிதழில் வந்தது. அதாவது, நிலம் கொடுக்கச் சொல்லி ஆணை போட்டு முப்பத்திரண்டு வருஷம் கழித்துத்தான், அந்த நிலத்தின் கணக்கு இருக்கிற கட்டடத்துக்குள் நாம் நுழையலாம் என்று தீர்மானமே வருகிறது. நடுவில் அந்தக் கட்டடத்துக்குள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் யார்? கர்ணம், மணியம். பரம்பரை உத்தியோகம். அந்தப் பதவிகள் 1980 வரைக்கும் இருந்தன!

நமக்கும் ஒரு சர்க்கார் உத்தியோகம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. வெட்டியான், தலையாரி. ஊர் எல்லை எது, வாய்க்கால் எது, எந்த வரப்பு எத்தனை தடவை நகர்ந்தது என்பதெல்லாம் தெரிந்தவன் வெட்டியான். அவன் காலால் நடந்து காட்டியதை வைத்துத்தான் கர்ணம் கையால் எழுதினார். அறிவு நம்முடையது, எழுத்து அவர்களுடையது. ஜப்தி, ஏலம் என்றால் தெருத்தெருவாகப் பறை அடித்துச் சொல்ல வேண்டியதும் அவன்தான். அவன் சித்தப்பன் நிலம் ஏலத்துக்கு வந்தாலும் அவனேதான் அடிக்க வேண்டும். இந்தத் தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்.

* * *

இப்போது நிலம் போன வழியைப் பார்ப்போம். ஒரு ஆள் திருடினான் என்று நினைத்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஆறு பேர் ஆறு நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு வேலை செய்தார்கள்.

கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கின கடனுக்காக, வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்து நிலம் ஊர்க்காரர் கைக்குப் போகிறது. இது சட்டப்படி செல்லாது. ஆனால் கர்ணம் அடங்கலில் ‘பயிர் செய்பவர்’ என்று ஊர்க்காரர் பேரை எழுதுகிறார். கேட்டால், “யார் உழறாங்களோ அவங்க பேரைத்தானே எழுதணும்?” அது முதல் நாற்காலி.

1979இல் தொடங்கி 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று தாலுகா ஆபீசில் சொல்லுவார்கள். பழைய செட்டில்மெண்ட் ‘அ’ பதிவேட்டிலிருந்து புதுப் பதிவேட்டுக்கு எழுதும்போது, பேர் வந்தது, சர்வே எண் வந்தது, விஸ்தீரணம் வந்தது, தீர்வை வந்தது. ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு எத்தனையோ ஊரில் வரவில்லை. இரண்டே எழுத்து! “அனுபவத்துல யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான் பட்டா” என்றார்கள். அது இரண்டாவது நாற்காலி.

மூன்றாவது, சார்பதிவாளர். “பத்திரத்தைப் பதிவு செய்யறதுதான் என் வேலை, நிலம் யாருதுன்னு தீர்ப்புச் சொல்றது கோர்ட்டு வேலை” என்பார். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-அ பிரிவு 2016இல் நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாமல் பதியக் கூடாத நிலங்களின் பட்டியல் அது. அரசு நிலம், கோயில் நிலம், பூதான நிலம், வக்ஃபு நிலம் எல்லாம் அதில் பேர் சொல்லி இருந்தன. பஞ்சமி என்ற சொல் மட்டும் இல்லை. சாமிக்கு இருக்கிற பாதுகாப்பு சேரிக்கு இல்லை. சுற்றறிக்கைகள் வரலாம், போகலாம். சட்டத்தில் ஒரு வார்த்தை சேர்க்க எவருக்கும் கை வரவில்லை.

நான்காவது, வக்கீல். முப்பது வருஷ வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்து, ‘உரிமை தெளிவாக உள்ளது’ என்று எழுதித் தருகிறார். நூற்று முப்பது வருஷ வில்லங்கம் முப்பது வருஷச் சான்றில் எப்படித் தெரியும்?

ஐந்தாவது நாற்காலி எங்களுடையது. வங்கி. தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கம், வக்கீல் கருத்து, எல்லாம் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிப்பது எங்கள் அன்றாட வேலை. இந்த வட்டார நிலப் பத்திரங்கள் வருஷக்கணக்கில் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. கம்ப்யூட்டரில் இறக்கிய சிட்டாவில் பேர் இருக்கும், நஞ்சை புஞ்சை இருக்கும், பரப்பு இருக்கும். 1892 இருக்காது. நாங்கள் கேட்கும் காகிதங்களின் பட்டியலில் செட்டில்மெண்ட் பதிவேட்டு நகல் என்று ஒரு வரி நான் பார்த்ததில்லை. கேட்டால் என்ன ஆகும்? அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் எத்தனை கடன் நின்றிருக்கும், எத்தனை மனைப்பிரிவு நின்றிருக்கும்?

ஆறாவது, நில எடுப்பு அலுவலகம். கம்பெனிக்கோ ரோட்டுக்கோ நிலம் எடுக்கும்போது பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர் பேருக்குச் செக்.

ஆறு பேரில் ஒருவரும் திருடவில்லை. ஆறு பேரும், “நான் என் வேலையைத்தான் செஞ்சேன்” என்பார்கள். ஆறு பேரின் பேச்சிலும் சாதி என்ற சொல்லே வராது. சாதி இப்படித்தான் நவீனமாகிறது தோழர்களே. கெட்ட வார்த்தை பேசாது. ‘விதிமுறைப்படி’ என்று பேசும்.

* * *

இந்த அலுவலகங்களுக்கு வேகமாக வேலை செய்யத் தெரியாது என்று யாரும் ஏமாற வேண்டாம். 1990களின் நடுவில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். சிப்காட் கேட்ட நிலம் கிடைத்தது. தொழில் நோக்கங்களுக்கு நிலம் எடுக்கவென்றே 1997இல் தனிச்சட்டம் போட்டார்கள். 2019இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. உச்சநீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. அதே அரசிடம் இன்னொரு சட்டமும் இருக்கிறது. நமக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுக்கும் 1978ஆம் வருஷச் சட்டம். அதன்கீழ் ஒரு சேரிக்கு மனை எடுக்கப் போட்ட ஃபைலை எங்காவது தேடிப் பாருங்கள். நிலக்காரர் கோர்ட்டுக்குப் போயிருப்பார், தடை வாங்கியிருப்பார், ஃபைல் கட்டிக் கிடக்கும். தடையை நீக்கச் சொல்லி ஒரு மனுப் போட இந்த அரசு வக்கீல்களுக்கு நேரம் வராது.

கம்பெனி கேட்கும் அனுமதி ஒவ்வொன்றையும் இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2018இல் சட்டமே வந்தது. குடிமக்கள் கேட்கும் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் கெடு வைத்து மத்தியப் பிரதேசம் 2010லேயே சட்டம் கொண்டுவந்தது. இங்கே முதலில் கெடு கிடைத்தது கம்பெனிக்கு. நமக்குத் திங்கட்கிழமை மனு, அதற்கு ஒரு ரசீது.

தொழிலாளிக்கு? சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் 2024இல் சங்கம் வைத்தார்கள். செப்டம்பர் 9இல் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம். அவர்கள் கேட்டதில் முக்கியமானது, ‘எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்’ என்பது. பதிவு! தொழிலாளர் துறையில் ஒரு அதிகாரி ஒரு ரிஜிஸ்தரில் எழுதித் தர வேண்டிய ஒரு எண். அதற்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரி கடைசியில்தான் எழுதினார்கள். சங்கத்தில் இருக்கிறவர்கள் பல சாதிக்காரர்கள். அந்தத் தோழர்களுக்குச் சொல்கிறேன்: ரிஜிஸ்தரில் எழுதாமல் விடுவது என்றால் என்ன என்று நீங்கள் மாதக்கணக்கில் பார்த்தீர்கள். சேரி தலைமுறைக் கணக்கில் பார்க்கிறது.

* * *

நம் பக்கத்திலேயே இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாமவர் சொல்கிறார்: “கம்பெனி வந்துடுச்சு. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எல்லாச் சாதிப் பசங்களும் ஒரே பஸ்ல போறாங்க. இன்னும் எதுக்குப்பா நிலம் நிலம்னு?” நோக்கியா 2006இல் வந்தது, 2014இல் மூடிக்கொண்டு போனது. எட்டு வருஷம்! ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வேலை போன அன்றைக்கு, அப்பன் பேரில் ரெண்டு ஏக்கர் இருக்கிறவனும் ஒன்றுமே இல்லாதவனும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகவில்லை. நிலம் என்றால் நெல் மட்டும் இல்லை. மகளுக்குப் பெரிய தொகையாகக் கல்விக் கடன் கேட்டு வருகிற அப்பனிடம் அடமானம் என்ன என்று கேட்பார்கள். பொய்க்கேசில் பிள்ளையைப் பிடித்துப் போனால் ஜாமீனுக்குச் சொத்து காட்டு என்பார்கள். அங்கேயெல்லாம் நம்மவர் கையை விரித்துக்கொண்டு நிற்பதை என் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

இரண்டாமவர் நம் தோழர். “மனு, நகல், தகவல் உரிமை இதெல்லாம் சீர்திருத்தவாதம். அரசு எந்திரத்தை உடைக்கணும்” என்கிறார். உடைப்போம் தோழர். அதற்கு முன்னால் அந்த எந்திரத்தில் நம்முடையது எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? கரணையை நினையுங்கள். பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய அந்தப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரைக் கொடுத்தார்கள். சுட்டதும் ஓர் அரசுத்துறைதான். அதற்கும் ஒரு ஃபைல் இருக்கும், அதிலும் ‘கடமையைச் செய்தபோது’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு பேருக்கு வருஷா வருஷம் வீரவணக்கம் செலுத்துகிறோம். நல்லது. அவர்கள் கேட்டது வணக்கம் இல்லை, நிலம். அதற்கு முதலில் சர்வே எண் வேண்டும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வோம். மாணவர்கள் நாலு பேர் ஓர் ஊரை எடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதுங்கள். செட்டில்மெண்ட் ‘அ’ பதிவேட்டு நகல் ஒன்று, யு.டி.ஆர். ‘அ’ பதிவேட்டு நகல் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் பாருங்கள். எங்கே குறிப்பு காணாமல் போயிருக்கிறதோ அந்த எண்ணை ஊரில் பெரிசாக எழுதி ஒட்டுங்கள். பழைய ஜில்லாவை 1997இலும் 2019இலும் பிரித்தார்கள். “பதிவேடு இங்க இல்ல, அங்க போய்க் கேளு” என்பார்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீடு போடுங்கள். ஊர்ப் பெரியவர்களில் வெட்டியான் வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவரைக் கூட்டிக்கொண்டு எல்லையை ஒருமுறை நடந்து வாருங்கள். காகிதத்தில் இல்லாதது அவர் காலில் இருக்கும்.

இந்த அலுவலகங்களில் இடஒதுக்கீட்டில் உள்ளே போன நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘கோட்டாவுல வந்தவன்’ என்று சொல்லி உங்களைக் கொண்டுபோய் ரெக்கார்டு ரூமில் போடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். அண்ணே, அக்கா, தூசி தட்டி அந்தக் கட்டை அவிழுங்கள். அவர்கள் குப்பை என்று நினைத்து உங்களிடம் ஒப்படைத்திருப்பது நம் பாட்டன் சொத்து. சட்டத்தை மீறச் சொல்லவில்லை. கேட்டு வருகிறவனுக்குக் கேட்ட நகலைக் கேட்ட நாளில் கொடுங்கள். அதுதானே உங்கள் வேலை?

அரசிடம் கேட்பது இவ்வளவுதான்: ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் சிப்காட் எல்லைகளுக்குள்ளும் அதைச் சுற்றி முளைத்த மனைப்பிரிவுகளுக்குள்ளும் 1892 ஆணையின்படி கொடுத்த நிலம் எத்தனை ஏக்கர்? சர்வே எண்ணோடு வெளியிடு. பஞ்சமி என்ற சொல்லைப் பதிவுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் சேர். நிபந்தனையை மீறிக் கைமாறியதை மீட்டு, சேரி வாரிசுகள் பேருக்குப் பட்டா எழுது. மீட்க முடியாதபடி கம்பெனி நிற்கிறதென்றால், இழப்பீடு யார் கைக்குப் போனது என்று சொல்லு, அதே மதிப்புக்கு இதே மாவட்டத்தில் வேறு நிலம் கொடு.

அடுத்த ஜமாபந்திக்கு ஒவ்வொரு சேரியிலிருந்தும் குறைந்தது ஒரு சர்வே எண்ணோடு போவோம்.