படைத்தலைவர் கல்வி

நீலகிரி மலையில், குன்னூருக்கு அணித்தாக, வெலிங்டன் என்றோர் ஊர் உண்டு. தேயிலைத் தோட்டங்களும் மரச்சோலைகளும் சூழ்ந்த அவ்வூரில், குறிப்பேடும் நிலப்படமும் கையிற்கொண்டு வகுப்புக்குச் செல்லும் மாணவர் கூட்டம் ஒன்றைக் காணலாம். அம்மாணவர் சிறுவர் அல்லர்; முப்பது வயதை ஒட்டியும் கடந்தும் உள்ளவர். பனிமலை எல்லையில் காவல் நின்றவரும், போர்க்கப்பலில் கடல் கடந்தவரும், போர் வானூர்தி செலுத்தியவரும் அவருள் உளர். நூற்றுக்கணக்கான வீரரை ஏவி நடத்திய அவர்கள், ஈண்டு மீண்டும் மாணவராகிக் கட்டுரை எழுதுகின்றனர். பிழை திருத்தப் பெறுகின்றனர். தரைப்படை அதிகாரிகள் இங்கு இடம் பெறுவதற்கே கடுமையான போட்டித் தேர்வில் வெற்றி பெறல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பெண் அதிகாரிகளும் அத்தேர்வில் வெற்றி பெற்றனர்.

இதுவே முப்படை அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி. 1905 ஆம் ஆண்டில் மராட்டியப் பகுதியிலுள்ள தேவ்லாலியில் தோன்றி, 1907 இல் பலுசிஸ்தானத்துக் குவெட்டா நகருக்கு இது மாற்றப்பட்டது. 1947 இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது குவெட்டா பாகிஸ்தானின் பங்காயிற்று. கட்டடங்கள் அங்கேயே நின்றுவிட, இந்திய அதிகாரிகள் வெலிங்டனுக்கு வந்து கல்லூரியைப் புதிதாகத் தொடங்கினர். ஆண்டுதோறும் நம் முப்படையினரும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இங்குத் தங்கிப் பயில்கின்றனர். பயிற்சிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் உண்டு.

அக்கல்லூரியின் சின்னத்தில் ஆந்தை ஒன்று அமர்ந்திருக்கின்றது. நம்மவர் ஆந்தையின் அலறலைத் தீநிமித்தம் என்பர். கிரேக்கரோ அதனை அறிவுத் தெய்வத்தின் பறவையாகப் போற்றினர். போர்த்தொழில் பயிலும் இடத்தில் புலியையும் கழுகையும் விடுத்து ஆந்தையைத் தேர்ந்தவர் கருத்து ஆராயத்தக்கது.

‘போர்வீரனுக்குப் போர்க்களமே பள்ளி, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?’ என வினவுவார் உளர். வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கது அன்று. அஞ்சாமையும் உடல் வலிமையும் ஏட்டினின்று வருவன அல்ல. ஆயினும், தச்சன் தவறினால் ஒரு மரம் கெடும். உழவன் தவறினால் ஒரு போகம் கெடும். படைத்தலைவன் தவறினால் கெடுவது பிறர் உயிர். தவறித் தவறிக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏனைத் தொழில்களுக்கு உண்டு; இத்தொழிலுக்கு இல்லை. மேலும், பெரும்போர் நாள்தோறும் வருவதன்று. முப்பதாண்டு பணியாற்றியும் ஒரு பெரும்போரைக் காணாமலே ஓய்வு பெறுவோர் பலர். தாம் காணாத போர்களைக் கற்றறிய அவர்க்குக் கல்வியன்றி வேறு வழி யாது?

இவ்வுண்மையை ஒரு நாடு தோல்வியால் உணர்ந்தது. பிரடெரிக் பேரரசர் காலத்தில் பிரஷ்ய நாட்டுப் படை ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றிருந்தது. அப்பெருமையிலேயே இருபது ஆண்டுகள் உறங்கிய அப்படை, 1806 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் ஜேனா, ஆவர்ஸ்டெட் என்னும் இரு களங்களிலும் பிரெஞ்சுப் படையிடம் ஒருசேர முறியடிக்கப்பட்டது. பிரஷ்ய வீரர் கோழையர் அல்லர். அவர்தம் தலைவர் காலம் மாறியதை அறியாதவர். தோல்விக்குப் பின் ஷார்ன்ஹோர்ஸ்ட் என்னும் தளபதி படையைச் சீரமைக்கத் தொடங்கினார். அவர் முயற்சியால் 1810 இல் பெர்லினில் போர்க்கல்லூரி ஒன்று தோன்றியது. குடிப்பிறப்பால் மட்டுமே பதவி பெற்றுவந்த அதிகாரிகள் அறிவாலும் அளக்கப்படலாயினர். அவர்தம் மாணாக்கர் கிளாசவிட்ஸ் 1818 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கல்லூரிக்கு இயக்குநராக இருந்தார். போரைப் பற்றி உலகம் இன்றும் கற்கும் பெருநூலை அவர் எழுதிய காலம் அதுவே. நூல் முற்றுப்பெறாத நிலையில் 1831 இல் அவர் இறக்க, மறு ஆண்டில் அதனை அச்சேற்றத் தொடங்கியவர் அவர் மனைவியார்.

இத்தகைய கல்லூரிகளில் கற்பிப்பது யாது? துப்பாக்கி பிடிக்கும் கலை அன்று. அதனை அவர்கள் இளமையிலேயே கற்றுவிட்டனர். ஒரு படைப்பிரிவு மலைமீது ஏற வேண்டுமெனின், எத்துணை உணவு, எத்துணை நீர், எத்துணைக் குண்டுகள், எத்துணைக் கம்பளி வேண்டும்? அவற்றைச் சுமப்பது எது? பாலம் உடைந்தால் மாற்றுவழி யாது? காயமுற்றாரை எங்ஙனம் இறக்குவது? இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணல் வேண்டும். தரைப்படையினர், கடற்படையினர், விமானப்படையினர் ஆகியோர் சிறு குழுவாக அமர்ந்து, ஒரே நிலப்படத்தைப் பார்த்து வாதிடுவர். மலையைத் தரைப்படையினர் தடை என்பர். விமானப்படையினர் அதனை மறைவிடம் என்பர். ஒருவர் கண்ணுக்குப் புலப்படாதது மற்றவர் கண்ணுக்குப் புலப்படும்.

அமெரிக்கக் கடற்படை 1884 இல் நியூபோர்ட்டில் கல்லூரி நிறுவிற்று. முதல் உலகப் போருக்குப் பின்னர் அங்கே பெரிய மண்டபத்தின் தரையையே கடலாகக் கொண்டு, சிறு கப்பல் உருவங்களை நகர்த்தி, அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் போர் ஆடினர். சிறுவர் விளையாட்டு எனச் சிலர் நகைத்திருக்கவும் கூடும். 1923 இல் அங்குப் பயின்று வெளிவந்த நிமிட்ஸ், பின்னர் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் அமெரிக்கக் கடற்படையை நடத்தினார். ஜப்பானிய விமானிகள் உயிரைப் பொருட்படுத்தாது கப்பல்கள்மேல் மோதிய முறை ஒன்று நீங்கலாக, அப்போரில் நிகழ்ந்த எதுவும் தமக்கு வியப்பளிக்கவில்லை, எல்லாம் முன்னரே அம்மண்டபத்தில் ஆடிப் பார்த்தவையே என்று அவர் பின்னாளில் எழுதினார்.

ஆயினும் போர்க்கலை ஒன்றையே கற்ற தலைவரும் நாட்டைக் கெடுத்தல் கூடும். இதற்கும் ஜெர்மனியே சான்று. 1914 இல் அந்நாட்டுத் தளபதியர் பிரான்சை விரைந்து வீழ்த்தும் பொருட்டு நடுநிலை நாடாகிய பெல்ஜியத்தின் வழியே படை செலுத்தினர். நிலப்படத்தின்படி வழி குறுகியதே. ஆனால் அச்செயல் பிரிட்டனைப் போருக்குள் இழுத்தது. 1917 இல் எல்லாக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளால் தாக்குவது எனத் துணிந்தனர். அது அமெரிக்காவையும் பகையாக்கியது. களத்தைக் கணக்கிட்டவர் உலகத்தைக் கணக்கிடவில்லை.

இதனாலன்றோ, அப்போரின் பின் 1927 இல் இலண்டனில் மூத்த தளபதியரும் குடிமைத்துறை அதிகாரிகளும் ஒருங்கு பயிலும் கல்லூரி தொடங்கப்பெற்றது. அம்மாதிரியிலேயே 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் புதுதில்லியில் தேசியப் பாதுகாப்புக் கல்லூரியைத் தலைமையமைச்சர் நேரு திறந்துவைத்தார். பிரிகேடியர் நிலையிலுள்ள படை அதிகாரிகளும், ஆட்சிப்பணி, காவல்பணி, வெளியுறவுப்பணி ஆகியவற்றின் மூத்த அதிகாரிகளும் அங்கே ஓராண்டு உடன்பயில்கின்றனர். பொருளாதாரம், அறிவியல், அயல்நாட்டு உறவு யாவும் அவர்க்குப் பாடம். இவ்வமைப்பு தமிழர்க்குப் புதிதன்று. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களையும் திருவள்ளுவர் படையியலில் வைத்தாரில்லை, அரசியலிலேயே வைத்தார். போர் தொடங்குவதும் தொடங்காதிருப்பதும் ஆள்வோர் துணிபு. அத்துணிபுக்கு வேண்டிய அறிவு இரு திறத்தார்க்கும் பொது.

படைத்தலைவர் அரசியலும் பொருளியலும் கற்றால் ஆட்சியைக் கைப்பற்றும் ஆசை எழாதோ என்று ஐயுறுவர் சிலர். குவெட்டாக் கல்லூரியும் வெலிங்டன் கல்லூரியும் ஒரே வேரில் கிளைத்தவை. எனினும் பாகிஸ்தானில் 1958, 1977, 1999 ஆகிய ஆண்டுகளில் படைத்தலைவர் ஆட்சியைக் கைக்கொண்டனர். இந்தியாவில் ஒருமுறையும் அது நிகழவில்லை. ஆதலின் நன்மைக்கும் தீமைக்கும் கல்லூரி ஒன்றையே காரணமாக்குதல் முறையன்று. அரசியலமைப்பின் உறுதியும், ஆள்வோர்க்கும் படைக்கும் இடையேயுள்ள முறைமையும் அதனினும் பெரியன.

இனி, இக்கல்வியின் தலையாய பயன் ஒன்று உண்டு. கீழ்ப்படிதல் படையின் உயிர். ஏவலுக்கு எதிர்வினா எழுப்பாதிருக்க இளமை முதல் பழகியவர், உயர்பதவி அடைந்ததும், ஆள்வோர் முன் நின்று, ‘இது இயலும்; இது இயலாது’ என உள்ளதை உள்ளவாறு உரைக்க வேண்டியவராகின்றார். துணிபு பிறக்கும் முன் அஞ்சாது உரைத்தலும், பிறந்தபின் அதற்கு அடங்கி நடத்தலும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. அவ்வரிய பண்பைப் பழக்குதற்கே ஓராண்டு வாதம் வேண்டப்படுகிறது. கேட்போரும் செவி திறந்திருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

1962 ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இதனை விளக்கும். தவாங்குக்கு மேற்கே, நாம்கா சூ ஆற்றின் கரையில், போதிய குளிருடையும் குண்டுகளும் இன்றி இந்தியப் படைப்பிரிவு ஒன்று நிறுத்தப்பட்டது. அவ்விடம் நின்று பொருதற்கு ஏற்றதன்று எனக் களத்திலிருந்த அதிகாரிகள் மேலிடத்துக்குத் தெரிவித்தனர். மறுத்துரைத்த மூத்த தளபதியிடமிருந்து அவ்வெல்லைப் பொறுப்பு வேறொருவர்க்கு மாற்றப்பட்டது. அக்டோபர் 20 ஆம் நாள் சீனர் தாக்கினர். அப்படைப்பிரிவு சிதைந்தது, அதன் தலைவர் பிரிகேடியர் தால்வி சிறைப்பட்டார். தாம் கண்டவற்றை அவர் 1969 இல் நூலாக வெளியிட்டார். வீரத்தில் அங்குக் குறையில்லை. அறிந்தவர் சொல் ஏறவில்லை.

அப்போருக்குச் சற்று முன்னர் வெலிங்டன் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர் சாம் மானெக்‌ஷா. உள்ளத்தில் தோன்றியதை ஒளியாது பேசும் இயல்பினர். அரசுக்கு மாறாகப் பேசினார் என்பது முதலான குற்றச்சாட்டுகள் அவர்மீது எழுந்தன, விசாரணை நடந்தது. குற்றம் இல்லை என்றே அது முடிந்தது. சீனப் போரில் தோல்வி நேர்ந்தபின், சிதறிய வடகிழக்குப் படையைத் திரட்டி நிறுத்த அவரையே அனுப்பினர்.

1971 ஏப்ரலில் மானெக்‌ஷா தரைப்படையின் தலைமைத் தளபதி. கிழக்கு வங்கத்தினின்று ஏதிலியர் இலட்சக்கணக்கில் இந்தியாவிற்குள் வந்துகொண்டிருந்தனர். உடனே படை செலுத்த இயலுமா எனத் தலைமையமைச்சர் இந்திரா காந்தி வினவ, இப்பொழுது இயலாது என மறுமொழி கூறியதாக அவர் தம் சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தார். மழைக்காலம் வந்தால் வங்கத்து ஆறுகள் கடலாகும்; அறுவடைக் காலத்தில் தானியம் ஏற்றும் புகைவண்டிகளும் சாலைகளும் படைக்கு வேண்டப்படும்; குளிர்காலம் வரின் இமயக் கணவாய்கள் பனியால் மூடப்படும், சீனர் அவ்வழி வர இயலாது. இவை அவர் காட்டிய காரணங்கள். அரசும் அப்போது உடனடிப் போரை விரும்பியதில்லை என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். அது எவ்வாறாயினும், காத்திருத்தலே முடிபாயிற்று. காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளில் வரும் பறவையும் ஆந்தையினமாகிய கூகையே. பகற்பொழுதில் அது தன்னினும் மெலிய காக்கைக்குத் தோற்கும். எட்டு மாதங்கள் ஆயத்தம் நடந்தது. டிசம்பர் 3 ஆம் நாள் தொடங்கிய போர் 16 ஆம் நாள் டாக்காவில் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சரணடைந்தனர்.

1973 இல் மானெக்‌ஷா பீல்டு மார்ஷல் பதவி பெற்றார். ஓய்வுக்குப் பின் அவர் வாழ்ந்தது குன்னூரில். 2008 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள், 94 வயதில், தாம் ஒருகால் தலைமை தாங்கிய கல்லூரி இருக்கும் அதே வெலிங்டனில், படைவீரர் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.