பாரை ஆய்ந்த பின்னரே சலாபம்

விருந்தினரை அழைப்பவர் முதலில் தம் இல்லத்தின் நிலையை அறிந்திருக்க வேண்டும். வாயிலைத் திறப்பது எளிது. வந்தவர் மனநிறைவோடு திரும்பவும், வீட்டார் வாழ்வு குலையாதிருக்கவும் வழிசெய்வதே அரிது. அயல்நாட்டுப் பயணிகளை ஈர்க்க முனையும் அரசுகளுக்கும் இதுவே நெறி.

வாயிலைத் திறப்பதில் நம் அரசுகள் பின்தங்கவில்லை. 2014 நவம்பரில் நடுவண் அரசு இணையவழிச் சுற்றுலா நுழைவிசைவைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டு, அத்துறைக்குத் தொழில் தகுதி வழங்கியது. 2025 ஜூலையில் தூத்துக்குடி வானூர்தி நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கன. எனினும், வருவோர் காணவிருக்கும் கரையைக் காக்கும் கடமை இவற்றினும் பெரிது.

தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகையும், திருச்சிலுவைக் கோவிலும் மணப்பாட்டுக் கடற்குன்றில் உள்ளன. தசராவுக்குப் பெயர்பெற்ற குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரியில் விண்வெளி ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தேரிக்காட்டின் செம்மணலும் உலகோர் காணத்தக்கதே. பாளை சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, பதம் தப்பாமல் சிரட்டையில் வார்க்கும் கருப்பட்டிக்கு உடன்குடியின் பெயரே அடைமொழியாயிற்று. ஆனால் பயணியர் பெருகும் நாளில், வள்ளம் ஏற்றும் மணற்பரப்பு மீனவரிடமே இருக்குமா? சேரும் குப்பை கடலில் கலவாதிருக்குமா? அடுப்பின் வெக்கையில் நிற்பவருக்கு வருவாயில் உரிய பங்கு கிட்டுமா? இவற்றுக்கு விடை கூறாத கொள்கை நிறைவுடையதாகாது.

வரம்பறிந்து செயல்படுவதற்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. கொற்கை முத்தை நாடி யவனர் வந்த இக்கரையில், முத்துக்குளிப்பதற்கும் ஒரு வரம்பு இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பார்களை ஆய்ந்து, சில சிப்பிகளை எடுத்து, முத்தின் விளைச்சலை மதிப்பிட்ட பின்னரே சலாபம் எனும் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டது. விளையாத ஆண்டுகளில் பார்கள் தீண்டப்படவில்லை. அத்தகைய வரம்பு இருந்தும், 1961-க்குப் பின் தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை. ஒருமுறை வறண்ட வளம் விரும்பிய பொழுதில் மீள்வதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, விளம்பரத்திற்குச் செலவிடுமுன், ஒவ்வொரு கரையும் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை அரசு அளந்தறிய வேண்டும். அந்த அளவையை ஊராட்சியின் கிராம சபையில் வைத்து, மீனவரும் பனையேறிகளும் இசைந்த பின்னரே திட்டம் வகுக்க வேண்டும். வருவோரின் எண்ணிக்கையை மட்டும் வெற்றியெனக் கொள்வது, விளையாத பாரில் சலாபம் கூறுவதற்கு ஒப்பாகும்.