கொடியை மறைத்துவிட்டுச் சூட்டும் மாலை

ஒரு நடிகர் மறைந்தால் இந்நாட்டின் வணிக ஊடகங்கள் ஒரே அச்சில் வார்த்த இரங்கற் செய்தியை எடுத்து நீட்டுகின்றன. புகழ்பெற்ற படங்கள் நான்கு, எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் ஒன்று, சக நடிகர்களின் கண்ணீர், 'ஈடு செய்ய இயலாத இழப்பு' என்ற முத்தாய்ப்பு. ஆண்டுதோறும் நினைவு நாளன்று அதே செய்தி தூசு தட்டப்பட்டு மீண்டும் வெளிவரும். மறைந்தவர் எந்தெந்த வேடங்களில் நடித்தார் என்பது அதில் இருக்கும். எதற்காக நடிக்க வந்தார், யார் பக்கம் நின்றார், அதற்காக எந்தச் சிறையில் கிடந்தார் என்பது இருக்காது.

இதை மறதி என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். மறதிக்கு ஒழுங்கு கிடையாது. இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பகுதிதான் விடுபடுகிறது. கலைஞனின் கையிலிருந்த கொடியை உருவி எடுத்துவிட்டு, வெறுங்கையுடன் நிற்கும் படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள். பல்ராஜ் சாஹ்னி, உத்பல் தத், ஏ.கே. ஹங்கல் ஆகிய மூவருக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது.

கைதியே சிறை அதிகாரியாக

1913 மே முதல் நாள் ராவல்பிண்டியில் பிறந்த பல்ராஜ் சாஹ்னியை 'இயல்பான நடிப்பின் முன்னோடி' என்று புகழாத திரை விமர்சகர் இல்லை. அந்த இயல்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்தான் இல்லை. சாந்திநிகேதனில் ஆசிரியராகவும், லண்டனில் பி.பி.சி. அறிவிப்பாளராகவும் பணியாற்றிய படித்த நடுத்தர வர்க்கத்து இளைஞர் அவர். அவரை மக்களிடம் கொண்டுசேர்த்தது 1943 மே மாதம் பம்பாயில் பிறந்த இந்திய மக்கள் நாடக மன்றம், அதாவது இப்டா. அது வங்கம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த ஆண்டு. முப்பது லட்சம் உயிர்களைக் குடித்ததாக மதிப்பிடப்படும் அந்தப் பஞ்சத்தைத்தான் இப்டா தனது முதல் பெரும் கருப்பொருளாக்கியது. கே.ஏ. அப்பாஸ் இயக்கிய 'தர்த்தி கே லால்' படத்தில் 1946இல் சாஹ்னி நிலமிழந்த உழவனாக நின்றார். அவரது துணைவியார் தமயந்தியும் அதில் நடித்தார். இருவரும் கம்யூனிஸ்டுகள்.

கட்சியின் ஊர்வலத்தில் பங்கேற்றதற்காகச் சாஹ்னி கைது செய்யப்பட்டபோது 'ஹல்சல்' என்ற படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் தனி அனுமதி பெற, சிறையிலிருந்து படப்பிடிப்புக்கு அழைத்துவரப்பட்டு நடித்துவிட்டு மீண்டும் சிறைக்குத் திரும்பினார். அந்தப் படத்தில் அவருக்குச் சிறை அதிகாரி வேடம்! சுதந்திர இந்தியாவின் கைதி, காமிராவுக்கு முன்னால் மட்டும் சாவிக்கொத்தைக் கையில் வைத்திருந்தார்.

1953இல் பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்'. ஆலை கட்ட நிலம் கேட்கும் ஜமீன்தாரிடமிருந்து தனது இரண்டு பீகா நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்கு வந்து கைரிக்‌ஷா இழுக்கும் சம்பு மஹதோ என்ற உழவனின் கதை. கதையும் இசையும் இப்டாவின் சலீல் சௌத்ரியுடையவை. அந்த வேடம் தனக்குக் கைவரவில்லை என்று சாஹ்னி முதலில் மனம் உடைந்துபோனார். பீகாரிலிருந்து பிழைக்க வந்த ஒரு ரிக்‌ஷாத் தொழிலாளியிடம் படத்தின் கதையைச் சொன்னபோது, அந்த மனிதர் அது தன்னுடைய கதை என்று அழுதார். நடிப்புக் கோட்பாடுகளைத் தூக்கியெறிந்துவிட்டு அந்தத் தொழிலாளியின் உயிரைத் தனக்குள் வாங்கிக்கொண்டதாகச் சாஹ்னி பின்னாளில் தமது தன்வரலாற்றில் எழுதினார்.

'அரசியலை விட்டுவிட்டு நடிப்பை மட்டும் பேசுவோம்' என்போருக்கு இதைவிட நேரான பதில் தேவையில்லை. இங்கே அரசியலை வெட்டி எடுத்தால் நடிப்பும் சேர்ந்து உதிர்ந்துவிடும். உழைப்பாளியின் முன் மாணவனாக உட்காரும் பணிவை அவருக்குக் கற்பித்தது எந்த நடிப்புப் பள்ளியும் அன்று. அவர் ஏற்றுக்கொண்ட இயக்கம்.

எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா' அவரது இறுதிப் பெரும்படைப்பு. அதற்கான குரல் பதிவை முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, அவர் மறைந்தார். பிரிவினைக்குப் பின் ஆக்ராவை விட்டுப் போக மறுக்கும் செருப்பு உற்பத்தியாளர் சலீம் மிர்ஸாவாக அதில் வாழ்ந்திருந்தார். மதக்கலவரம் மூளும் என்று காரணம் காட்டித் தணிக்கைத் துறை மாதக்கணக்கில் முடக்கிவைத்த படம் அது. அதன் கடைசிக் காட்சியில், ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் சலீம் மிர்ஸா, வேலை கேட்டு எழும் ஊர்வலத்தைக் கண்டு குதிரை வண்டியிலிருந்து இறங்கிக் கூட்டத்துள் கலக்கிறார். ஒரு முஸ்லிம் குடிமகனை நாட்டை விட்டுப் போகச் சொல்லும் கூச்சல் இன்று அதிகார பீடத்திலிருந்தே எழுகிறது. அந்தக் காட்சியை நினைவுகூராமல் சாஹ்னியை மட்டும் நினைவுகூர்வது எப்படி இயலும்?

சிரிக்க வைத்தவரின் சிறை

உத்பல் தத் என்றதும் தொலைக்காட்சிகள் ஒளிபரப்புவது 1979இல் வந்த 'கோல்மால்' படத்தின் மீசைக் காட்சிகளை. நல்ல நகைச்சுவைதான், நாமும் சிரிக்கிறோம். ஆனால் அவரது வாழ்வின் நடுவம் பம்பாயின் படப்பிடிப்புத் தளத்தில் இல்லை. கல்கத்தாவின் மினர்வா அரங்கில் இருந்தது. 1959இன் கடைசி நாளில் அங்கே அரங்கேறிய 'அங்கார்' சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது. தீப்பற்றிய சுரங்கத்தில் முதலாளியின் நிலக்கரியைக் காக்கத் தண்ணீர் திறந்துவிடப்படுகிறது. உள்ளே சிக்கிய தொழிலாளர் மீது நீர்மட்டம் ஏறிவருவதைத் தபஸ் சென்னின் ஒளியமைப்பு மேடையிலேயே காட்டியது. பார்வையாளர் மூச்சுத் திணறினர்.

1965இல் 'கல்லோல்' வந்தது. 1946ஆம் ஆண்டின் கடற்படை எழுச்சியை மாலுமிகளின் கண்கொண்டு சொன்ன நாடகம். எழுச்சியைக் கைவிட்ட காங்கிரஸ் தலைமையை அது கூண்டில் ஏற்றியது. பெரிய நாளேடுகள் விளம்பரம் வெளியிட மறுத்தன. நாடகம் நடந்துகொண்டிருக்கிறது, நடந்துகொண்டே இருக்கும் என்ற பொருளில் சுவரொட்டிகள் நகரமெங்கும் ஏறின, அரங்கு நிரம்பியது. அதே ஆண்டில் மேற்கு வங்கக் காங்கிரஸ் அரசு அவரை விசாரணையின்றிச் சிறையில் அடைத்துப் பல மாதங்கள் வைத்திருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அதே நாடகக்காரரைத் தேடிவந்தது. சிறையும் விருதும் ஒரே வாழ்க்கையின் பக்கங்கள். ஆளும் வர்க்கம் இரண்டாவது பக்கத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவைக்கிறது.

ஹங்கலைச் சூழ்ந்த நிசப்தம்

ஏ.கே. ஹங்கல் தையற்காரர். விடுதலைப் போராட்டத்தில் இறங்கியவர். பிரிவினைக்குப் பின் கராச்சிச் சிறையில் கம்யூனிஸ்டாகக் கிடந்தவர். 1949இல் பம்பாய் வந்து, தையல் தொழிலில் பிழைத்துக்கொண்டு இப்டா மேடையில் நடித்தார். ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் திரைக்கு வந்தார். 1975இல் 'ஷோலே'யின் பார்வையற்ற இமாமாக, மகனின் சடலத்தைச் சூழ்ந்து ஊரே வாயடைத்து நிற்கையில், ஏன் இத்தனை நிசப்தம் என்று அவர் கேட்பதை இந்தியாவில் அறியாதவர் குறைவு.

1993இல் பம்பாயிலிருந்த பாகிஸ்தான் துணைத் தூதரகத்தின் தேசிய நாள் நிகழ்ச்சியில் அவர் கலந்துகொண்டார். சிவசேனைத் தலைமை அவரைப் புறக்கணிக்கக் கட்டளையிட்டது. படங்களிலிருந்து அவர் நீக்கப்பட்டார்; அவர் நடித்த காட்சிகள் வெட்டப்பட்டன; வாய்ப்புகள் நின்றன. பாகிஸ்தானின் சிறையில் இருந்த மனிதருக்குப் பாகிஸ்தான் ஆதரவாளர் என்ற பட்டம்! மதக்கலவரத்தின் இரத்தம் காயாத அந்நகரில், அவருடன் நடித்துப் புகழும் பொருளும் ஈட்டிய பலர் வாய் திறக்கவில்லை. ஏன் இத்தனை நிசப்தம் என்ற கேள்வி அவர்களை நோக்கியும் எழுந்து நின்றது.

2012 ஆகஸ்ட் 26 அன்று ஹங்கல் மறைந்தபோது இரங்கற் செய்திகள் 'ரஹீம் சாச்சா போய்விட்டார்' என்று உருகின. 'அன்பான பெரியவர்' என்றன. 1993 பலவற்றில் இல்லை. இருந்தவற்றிலும் ஒரு வரி 'சர்ச்சை'யாக ஒதுங்கிக் கிடந்தது. ஒருவனின் பிழைப்பைப் பறித்த மதவெறிக்குச் சர்ச்சை என்று பெயர் சூட்டுவதே ஓர் அரசியல்.

இன்னொன்றையும் மறைத்தார்கள். இருநூறு படங்களுக்கு மேல் நடித்த அந்தக் கலைஞர், மருத்துவச் செலவுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தது 2011இல் செய்தியானது. நட்சத்திரங்கள் உதவினர், அந்தக் கொடையுள்ளம் தலைப்புச் செய்தியாயிற்று. ஆயுள் முழுதும் உழைத்தவருக்கு ஓய்வூதியம் ஏன் இல்லை என்ற கேள்வி எழவில்லை. நடிகனும் தொழிலாளிதான். திரைத் தொழிலாளரின் வேலை நிலைமைக்கும் நலநிதிக்கும் 1981இல் தனிச் சட்டங்கள் போராடிப் பெறப்பட்டன. 2020இல் மோடி அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தத் தனிச் சட்டங்களை விழுங்கிவிட்டன. துணை நடிகருக்கும் மேடைக் கலைஞருக்கும் முதுமையில் வழி செய்யாத ஓர் அரசு, அவர்கள் செத்தபின் இரங்கல் அறிக்கை விடுவது எவ்வளவு மலிவான செலவு!

நமக்கும் ஒரு கேள்வி

எதிரியைச் சாடுவதோடு நிறுத்திக்கொள்வது எளிது. நாம் என்ன செய்கிறோம்? நினைவு நாளில் படம் வைக்கிறோம், மாலை போடுகிறோம், 'மக்கள் கலைஞனுக்குச் செவ்வணக்கம்' என்கிறோம். அவர்கள் கொடியை மறைக்கிறார்கள் என்றால், நாம் பல வேளைகளில் கலையை மறைத்துக் கொடியை மட்டும் காட்டுகிறோம். 'கரம் ஹவா'வைப் பார்த்த தோழர்கள் நம் கிளைகளில் எத்தனை பேர்? 'கல்லோல்' எதைப் பற்றியது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்?

வரலாற்றையும் நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. 1948க்குப் பிந்தைய ஆண்டுகளில் நம் இயக்கத்தில் தலைதூக்கிய குறுங்குழுவாதம் இப்டாவைத் தளர்த்தியது. அருமையான கலைஞர்கள் விலகிப் போயினர். உத்பல் தத் போன்றோரின் பாதையிலும் திருப்பங்கள் உண்டு. இவர்களைக் குறையற்ற தெய்வங்களாக்கிப் பூசிப்பது முதலாளித்துவ ஊடகத்தின் நட்சத்திர வழிபாட்டுக்குச் சிவப்புச் சாயம் அடிப்பதாகும். வாழ்ந்தபடியே, முழுமையாக நினைவுகூர்வதுதான் மரியாதை.

அப்படி நினைவுகூர்வது எவ்வாறு என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. 1989 ஜனவரி முதல் நாள், டெல்லியை அடுத்த சாஹிபாபாத்தின் ஜண்டாபூர் தொழிலாளர் குடியிருப்பில் ஜன நாட்டிய மஞ்ச் குழு 'ஹல்லா போல்' வீதி நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளருக்கு ஆதரவான நிகழ்ச்சி அது. காங்கிரஸ் ஆதரவு வேட்பாளரின் கும்பல் இரும்புத் தடிகளுடன் பாய்ந்தது. ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் அடிபட்ட சப்தர் ஹஷ்மி மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருக்கு 34 வயது. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

ஆனால் குழுவினர் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஜனவரி 4 அன்று, சப்தரின் துணைவியார் மலயஸ்ரீயும் தோழர்களும் அதே ஜண்டாபூருக்குத் திரும்பிச் சென்று, அதே இடத்தில், தடைப்பட்ட அந்த நாடகத்தை முழுமையாக நடித்து முடித்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர் சூழ்ந்து நின்றனர். அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி முதல் நாள் அங்கே நாடகம் நடக்கிறது. நடிகர் சப்தரின் பெயரோடு, நடிகரல்லாத ராம் பகதூரின் பெயரும் அங்கே சொல்லப்படுகிறது.

இதுதான் அஞ்சலி. நம் கிளைகளிலும் இது இயலும். ஒரு வெள்ளைத் துணியும் ஒளிவீழ்த்தியும் இருந்தால் 'தோ பீகா ஜமீன்' காட்டலாம். முடிந்ததும் நிலம் பறிபோன ஒருவரைப் பேசவைக்கலாம். உத்பல் தத்தின் ஒரு நாடகத்தைத் தமிழாக்கி வாசிக்கலாம். நம் பகுதியில் ஒரு காலத்தில் கூட்டத்துக்கு முன் பாடி ஆடி நடித்து, இப்போது எவரும் தேடாமல் மூலையில் இருக்கும் முதிய கலைக்குழுத் தோழரிடம் சென்று, உயிருடன் இருக்கும்போதே அவர் நினைவுகளைப் பதிவு செய்யலாம். அவருடைய ஓய்வூதிய விண்ணப்பத்தையும் கையோடு எழுதிக் கொடுக்கலாம்.

ஆளும் வர்க்கம் மறைந்த கலைஞர்களுக்குத் திரையை இறக்கிவிட்டுக் கைதட்டுகிறது. நம் வேலை, ஜண்டாபூரில் செய்ததைப் போல, பாதியில் நின்ற நாடகத்தை நின்ற இடத்திலிருந்து தொடர்வது.