பழைய புடவையில் ஒரு தெரு!

உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். கட்டவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனசு வராமல் எத்தனை புடவைகள்! பாத்திரக்காரர் வந்தால் போட்டுவிடலாம் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

புதுச்சேரியில் இருக்கும் என் சித்திக்கு வயது 68. சித்தப்பா, 2020ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில்லில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு சித்திக்குத் தூக்கமில்லை, பேச்சுமில்லை. "டி.வி. பாருங்க, கோயிலுக்குப் போங்க" என்று ஆளாளுக்கு உபதேசம். ஒன்றும் எடுபடவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஒரு போட்டி வைத்தார். "நாம நாலு பேர். ஒரு மாசம் டயம். பழைய துணியை வெட்டி, ஒரு அடி சதுரத்துல நம்ம தெருவைப் படமா தைக்கணும். கடையில எதையும் வாங்கக்கூடாது!"

சித்தி, சாயம் போன புடவையில் மில் சுவரைத் தைத்தார். வேலை விட்டு சைக்கிளில் வரும் ஓர் ஆள். அவருக்குச் சட்டை, சித்தப்பாவின் சட்டைத் துணியேதான். அதன் பொத்தான்கள் சைக்கிள் சக்கரம் ஆயின. பழைய ஜமிக்கியெல்லாம் தெருவிளக்கு வெளிச்சம்! தைக்கும்போது அழுதார். முடித்தபோது, அந்த சைக்கிள் கதையை எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

வெளிநாட்டில் இதை 'ஆர்ட் குவில்ட்' என்கிறார்கள். நமக்கொன்றும் புதுசில்லை. தேரில் தொங்கும் தொம்பையில் வண்ணத் துணியை வெட்டி வைத்துத் தைத்திருப்பார்களே, அதுவும் இந்த வேலைதான். ஸ்காட்லாந்தில், குவில்ட் தைக்கும் 29 பேரிடம் பேசிய கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2012ல் வெளிவந்தது. வண்ணங்கள் மனசைத் தூக்கி நிறுத்துகின்றன, கவனம் ஒன்றுகிறது, நட்பு கிடைக்கிறது, நாலு பேர் பாராட்டினால் தன்னம்பிக்கை வளர்கிறது என்றார்கள் அவர்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் 'உபாசனா' நிறுவனம் மீனவப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் 'சுனாமிகா' என்ற குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அதை விற்கவில்லை, அன்பளிப்பாகவே கொடுத்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு கோபம். வீட்டில் ஒரு பெண் ஊசியை எடுத்தால், "இது எவ்வளவுக்குப் போகும்?" என்கிறோம். இல்லையென்றால், "வேற வேலை இல்லையா?" என்கிறோம். இரண்டுமே வேண்டாம். வாக்கிங் போகிறவரிடம் விலையா கேட்கிறோம்?

சில எச்சரிக்கைகள். நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சர்க்கரை வியாதியால் விரல் மரத்துப்போகிறவர்கள் விரலுக்கு உறை போடாமல் ஊசியைத் தொடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். ஊசி நூல் துணைக்குத்தான், மருந்துக்குப் பதில் அல்ல.

'எனக்கு எங்கே படம் வரையத் தெரியும்?' என்கிறீர்களா? சித்தி தைத்த சைக்கிளில் ஒரு சக்கரம் பெரிசு, ஒன்று சின்னது. ஆனாலும் தெருவில் எல்லோரும் சித்தப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்கள்!

இந்த ஞாயிற்றுக்கிழமை, பாத்திரக்காரருக்கு முன்னால் நீங்கள் பீரோவைத் திறந்துவிடுங்கள்.