பார்மட் மட்டும்தான் மருந்தா?



நம்ம ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் ஹேங் ஆனா போதும். பக்கத்து வீட்டு அண்ணன் முதல் சர்வீஸ் கடைக்காரர் வரை எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "பார்மட் அடிச்சிடு!" காய்ச்சல் என்று வந்தவரிடம் என்ன காய்ச்சல் என்றுகூடக் கேட்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது போல இருக்கிறது இது. பார்மட் கடைசி வைத்தியமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பார்மட் அடித்தால் என்ன போகும்? "சி டிரைவ் மட்டும்தான் போகும், டி டிரைவ் அப்படியே இருக்கும்" என்பார்கள். சரிதான். ஆனால் நாம் டெஸ்க்டாப்பில் போடுவதும், டாக்குமெண்ட்ஸில் போடுவதும் வழக்கமாக அந்த சி டிரைவில்தான் இருக்கின்றன. அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பல வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பாகங்கள்தான். டிஸ்கே கெட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோனது. மவுஸ் அம்பு அசையாது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்குகூட மாறாது. கடையில் வழக்கம் போல பார்மட் என்றார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மாச்சி போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. அது போயிட்டா இந்தப் பெட்டி இருந்து என்ன, இல்லாட்டி என்ன?" என்றார். அம்மாச்சி இப்போது எங்களோடு இல்லை. அம்மா சொன்னதில் இருந்த நியாயம் எந்தக் கடைக்காரருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

அதனால் சித்தப்பாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். முதல் வேலையாகப் படங்களையெல்லாம் பென்டிரைவில் எடுத்தோம். எடுத்ததோடு விடாமல் சித்தப்பாவின் லேப்டாப்பில் போட்டு, திறக்கிறதா என்றும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் வைத்தியம்.

விண்டோஸில் 'எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ்' என்று ஒரு கட்டளை உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு திறந்து அதைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் தன் முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு நகல் வைத்திருக்கும். அந்த நகலோடு ஒவ்வொரு ஃபைலையும் ஒப்பிட்டு, கெட்டுப்போனதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கும். நம் படங்களையோ பாடக் குறிப்புகளையோ தொடாது. எங்கள் கம்ப்யூட்டரில் "கெட்ட ஃபைல்கள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்று பதில் வந்தது. காரணம், அந்த நகலே கெட்டுப்போயிருந்தது!

அதற்கும் மருந்து இருக்கிறது. 'டிஸ்ம்' என்ற கட்டளையின் 'ரீஸ்டோர்ஹெல்த்' என்ற வசதி, இன்டர்நெட்டிலிருந்து நல்ல ஃபைல்களைக் கொண்டுவந்து நகலைச் சரிசெய்யும். நடுவில் நின்றுபோன மாதிரித் தெரியும். பொறுமையாக இருக்கணும், ஸ்விட்சை அணைக்கக் கூடாது. அது முடிந்ததும் மறுபடி எஸ்.எஃப்.சி. கொடுத்தோம். எல்லாம் சரியானது.

ஆனால் பத்து நாளில் மறுபடியும் ஹேங்! மறுபடியும் கெட்ட ஃபைல்கள். "ஃபைல் கெட்டது நோய் இல்லடா, நோயோட அறிகுறி" என்றார் சித்தப்பா. ஃபைல்கள் கெடப் பல காரணங்கள் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது ஒன்று. டிஸ்க் தேய்வது இன்னொன்று. வைரஸும் கெடுக்கலாம், பழுதான ராமும் கெடுக்கலாம். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினோம். ராமில் பழுது என்று காட்டியது. எங்களிடம் இருந்த இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றுதான் குற்றவாளி. அதை எடுத்துவிட்டு எஸ்.எஃப்.சி.-யை இன்னொரு முறை ஓட்டினோம். அதோடு நின்றது தொல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் நாளே பார்மட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? படங்கள் போயிருக்கும், காசும் போயிருக்கும். கெட்ட ராம் மட்டும் உள்ளேயே உட்கார்ந்து, புது விண்டோஸையும் கெடுத்திருக்கும்!

பார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் ஊறிப்போன கம்ப்யூட்டருக்குச் சில சமயம் அதுதான் வழி. ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது:

1) முதலில் முக்கியமானவற்றை வேறு இடத்தில் நகல் எடு. விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால், உபுண்டு போட்ட பென்டிரைவில் கம்ப்யூட்டரை ஏற்றி எடுக்கப் பார்க்கலாம்.

2) டிஸ்கில் 'டிக் டிக்' என்று புதுச் சத்தம் கேட்டால் எந்தச் சோதனையும் ஓட்டாதே. உடனே அணைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டு.

3) ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார். சூடு ஏறினாலும் கம்ப்யூட்டர் நிற்கும்.

4) கெட்ட ஃபைல்களைச் சரிசெய். மறுபடி கெட்டால் காரணத்தைத் தேடு.

5) எதுவுமே பலிக்காவிட்டால் பார்மட்.

நம் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் லேபில் எழுத்தைப் பெரிதாக்கவும் அட்டவணை போடவும் கற்றுக்கொடுக்கிறீர்கள், நன்றி. ஆனால் ஹேங் ஆனால் என்ன செய்வது என்று ஒரு பீரியடாவது சொல்லிக்கொடுங்கள் ஐயா. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்குச் செயின் மாட்டவும் தெரிந்திருக்கணும் இல்லையா?

நண்பர்களே! கம்ப்யூட்டர் கெட்டால் வேறு வாங்கலாம், விண்டோஸ் போனால் மறுபடி போடலாம். அம்மாச்சியின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது? இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரு பென்டிரைவை எடுங்கள். கம்ப்யூட்டர் நல்லா இருக்கும்போதே நகல் எடுங்கள்!

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்